ஆன்லைன் கடை: வெப்சைட்டுக்கு முன்னால் ஒரு பார்சலுக்குக் கணக்குப் போடுங்கள்

"ஆன்லைன்ல கடை போடலாம்னு இருக்கேன் அக்கா, வெப்சைட்டுக்கு எவ்வளவு ஆகும்?"

சென்னிமலையில் இருந்து பெட்ஷீட்டும் துண்டும் ஜமக்காளமும் ஆன்லைனில் விற்கிறவள் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். திருப்பூரில் பனியன் எடுத்து விற்க நினைக்கிற தம்பியாக இருந்தாலும் சரி, கரூரில் சமையலறைத் துணி தைக்கிற தங்கையாக இருந்தாலும் சரி, நான் முதலில் சொல்வது ஒன்றுதான். விற்கப்போகிற பொருளில் ஒன்றை எடுங்கள். வாடிக்கையாளருக்கு அனுப்புகிற மாதிரியே மடித்து, கவரில் போட்டு, ஒட்டி, தராசில் வையுங்கள். வெப்சைட் செலவு மாதம் ஒரு தடவைதான் வரும். பார்சல் செலவு ஒவ்வொரு ஆர்டரிலும் வரும். கடை நிலைக்குமா என்பது இந்த இரண்டாவது செலவில்தான் இருக்கிறது.

முதலில் தராசு

எங்கள் ஊர்க் கைத்தறி டபுள் பெட்ஷீட் ஒன்று, இரண்டு தலையணை உறையோடு சேர்த்து, ஒரு கிலோவை ஒட்டி வரும். பாலிதீன் உறை, உள்ளே விறைப்புக்கு ஒரு அட்டை, வெளிக்கவர், டேப் எல்லாம் சேர்ந்தால் 1 கிலோ 100 கிராம். கூரியர் கணக்கு பெரும்பாலும் 500 கிராம் படியாகத்தான் ஏறும். அதனால் அந்த 100 கிராமுக்காக ஒன்றரைக் கிலோவுக்குக் காசு கட்ட வேண்டும். உள்ளே இருக்கிற அட்டையை எடுத்துவிட்டு, மெல்லிய உறைக்கு மாறினால் சில ரகங்கள் ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடும். ஒரு பார்சலில் 30 ரூபாய் மிச்சமாகிற வேலை அது. எந்த ரகம் எந்தப் படிக்குள் வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். விலை வைக்கும்போது அந்த நோட்டுதான் கை கொடுக்கும்.

எடையைப் பார்த்தால் மட்டும் போதாது, பார்சலின் பருமனையும் பார்க்க வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 5000-ஆல் வகுத்தால் ஒரு எடை வரும். பெரும்பாலான கூரியர்கள் இந்தக் கணக்கைத்தான் வைத்திருக்கிறார்கள். நிஜ எடை, இந்த எடை, இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் பில். அதே பெட்ஷீட்டைத் தட்டையாக மடித்து 30-க்கு 25-க்கு 6 என்று கட்டினால் 0.9 கிலோதான் வரும். நிஜ எடைக்கே பில் போடுவார்கள். அழகாக இருக்கட்டும் என்று 40-க்கு 30-க்கு 15 அளவு அட்டைப்பெட்டியில் வைத்தால் 3.6 கிலோ. உள்ளே இருப்பது அதே துணிதான், ஆனால் காற்றுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம். ஜமக்காளத்தைச் சுருட்டி அனுப்பாமல் மடித்து அனுப்பச் சொல்வது இதனால்தான். 90-க்கு 15-க்கு 15 என்று சுருட்டினால் 4 கிலோவைத் தாண்டும். அதையே 45-க்கு 35-க்கு 8 என்று மடித்தால் இரண்டரைக் கிலோவை ஒட்டி நிற்கும்.

அப்புறம் அந்தப் பார்சலை எடுத்துக்கொண்டு கூரியர் அலுவலகத்துக்குப் போய் மூன்று பின்கோடுக்கு விலை கேளுங்கள்: உங்கள் மாவட்டத்தில் ஒன்று, பெங்களூரு ஒன்று, டெல்லி ஒன்று. தமிழ்நாட்டுக்குள் எஸ்டி கூரியர், புரொபஷனல் கூரியர் போன்றவை சல்லிசாகவும் வேகமாகவும் இருக்கும். வடக்கே போக ஷிப்ராக்கெட் மாதிரி, பல கூரியர்களை ஒரே இடத்தில் ஒப்பிட்டுக் காட்டும் தளங்கள் வசதி. கூரியர் போகாத கிராமத்துக்கு ஸ்பீடு போஸ்ட்தான் வழி. நாட்டில் 1.6 லட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்கள் இருக்கின்றன. தனியார் கூரியர் எதற்கும் அந்த வீச்சு கிடையாது. எந்த வழியாக இருந்தாலும் சொல்கிற விலை ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்டுவிடுங்கள். 18 சதவீதம் சின்ன விஷயம் இல்லை.

பார்சல் தராசில் இருக்கும்போது எடை தெரிகிற மாதிரி ஒரு போட்டோ, பக்கத்தில் டேப் வைத்து அளவு தெரிகிற மாதிரி இன்னொரு போட்டோ எடுத்து வைப்பதைப் பழக்கமாக்குங்கள். நீங்கள் ஒரு கிலோ என்று பதிந்து அனுப்பிய பார்சலை, போகிற வழியில் இரண்டு கிலோ என்று எடைபோட்டு வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்வது இந்தத் தொழிலில் நடக்கிற விஷயம். போட்டோ இருந்தால் வாதாடலாம்.

ஒரு பெட்ஷீட்டின் கணக்கு

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். எல்லாம் உதாரணத் தொகைகள்தான். உங்கள் தொகையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

பெட்ஷீட்டை 799 ரூபாய்க்கு, கூரியர் இலவசம் என்று போடுகிறோம். அதில் 5 சதவீத ஜிஎஸ்டி அடங்கியிருக்கிறது. 799-ஐ 1.05-ஆல் வகுத்தால் நம் கையில் நிற்பது 761 ரூபாய். 38 ரூபாய் அரசாங்கத்துடையது. நிறையப் பேர் இந்த 38-ஐத் தங்கள் காசு என்றே நினைத்துச் செலவு செய்துவிட்டு, ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது திண்டாடுகிறார்கள்.

நெசவாளர் கூட்டுறவு சொசைட்டியிலோ தறிக்காரரிடமோ எடுத்த விலை 420. மிச்சம் 341. கவர், டேப், லேபிள், உள்ளே வைக்கிற சலவைக் குறிப்பு அட்டை எல்லாம் சேர்த்து 15. ஆன்லைனில் பணம் வாங்கித் தருகிற பேமென்ட் கேட்வேக்கு 2 சதவீதம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 19 ரூபாய். கூரியர், தமிழ்நாட்டுக்கும் வெளி மாநிலத்துக்கும் சராசரியாக 130. இதெல்லாம் போக 177 நிற்கிறது. இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, ஒரு பெட்ஷீட்டுக்கு 177 ரூபாய் லாபம் என்று சந்தோஷப்படுகிறவர்கள்தான் அதிகம்.

விளம்பரச் செலவை எங்கே போடுவது? ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் காசு கட்டித்தான் அந்த வாடிக்கையாளர் வந்தார். ஆர்டருக்கு 120 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். மிச்சம் 57. திரும்பி வருகிற பார்சல், நிறம் போன பீஸ், தொலைந்துபோனது இவற்றுக்காக ஆர்டருக்கு 30 ஒதுக்கினால் கடைசியில் நிற்பது 27 ரூபாய். வெப்சைட் வாடகை, ஆடிட்டர், போன், நெட் எல்லாம் சேர்த்து மாதம் 3,500 ஆகிறதென்றால், அதற்கே 130 பெட்ஷீட் விற்க வேண்டும். உங்கள் உழைப்புக்குக் கூலி அதற்கு அப்புறம்தான்.

இதையே இரண்டு பெட்ஷீட் சேர்த்து 1,499 என்று விற்றுப் பாருங்கள். வரி போக 1,428. துணி 840. கவர் 18, கேட்வே 35, இரண்டரைக் கிலோவுக்குக் கூரியர் 180, அதே விளம்பரம் 120, ஒதுக்கீடு 50. மிச்சம் 185. மாதச் செலவு 3,500-ஐ எடுக்க 19 ஆர்டர் போதும். துணி மாறவில்லை, ஒரு பீஸ் விலைகூட 50 ரூபாய் குறைந்துதான் இருக்கிறது. விளம்பரமும் கூரியரும் இரண்டு பீஸில் பங்காகிவிட்டன, அவ்வளவுதான். எடை கூடின, விலை குறைந்த பொருளை ஒற்றையாக ஆன்லைனில் விற்பது கஷ்டம் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இந்தக் கணக்குதான் காரணம். ஒரு துண்டை 120 ரூபாய்க்கு விற்க முடியாது. ஆறு துண்டைக் கட்டாக விற்கலாம்.

கடையை எதில் போடுவது

முதல் கடை வாட்ஸ்ஆப் பிசினஸில் இருக்கட்டும். ஆப் இலவசம். படம், விலை, விவரத்தோடு கேட்லாக் போடலாம். ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்ப அடிக்கிற பதில்களைச் சுருக்கமாகச் சேமித்து வைக்கலாம். 'புதிய ஆர்டர்', 'பணம் வந்தது', 'அனுப்பியாச்சு' என்று ஒவ்வொரு உரையாடலுக்கும் லேபிள் ஒட்டலாம். இதோடு ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம், கூகுள் மேப்பில் தெரிகிற இலவச பிசினஸ் ப்ரொஃபைல், யுபிஐ. இவ்வளவையும் வைத்துக்கொண்டு மாதம் நாற்பது ஐம்பது ஆர்டர் வரை சமாளிக்கலாம். விலை என்ன, ஸ்டாக் இருக்கா, முகவரி அனுப்புங்க என்று பதில் எழுதவே சாயந்தரம் முழுக்கப் போகிறது என்ற நிலை வந்தால் வெப்சைட்டுக்கு நேரம் வந்துவிட்டது. அதற்கு முன்னால் வெப்சைட் போட்டால் அதற்கு ஆளைக் கூட்டி வருகிற வேலையும் நம் தலையில்தான் விழும்.

வெப்சைட் என்று வந்தால் இரண்டு வழி. ஷாப்பிஃபை மாதிரி மாதக் கட்டணத் தளம் வாடகைக் கடை. ஓட்டு ஒழுகினால் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். வேர்ட்பிரஸ் என்ற வெப்சைட் மென்பொருள் மேல் வூகாமர்ஸ் என்ற கடை மென்பொருளைப் போடுவது சொந்தக் கடை. ஒழுகினால் நாம்தான் ஏற வேண்டும்.

ஷாப்பிஃபையின் அடிப்படைத் திட்டம், வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் மாதம் 1,500 ரூபாயை ஒட்டி வருகிறது. ஆரம்பத்தில் காட்டுகிற சலுகை விலையை வைத்துத் திட்டம் போடாதீர்கள். விளம்பரத்தில் கண்ணில் படாத ஒன்றை இங்கே சொல்லியே ஆக வேண்டும். ஷாப்பிஃபைக்குச் சொந்தப் பேமென்ட் வசதி உண்டு, அதைப் பயன்படுத்துகிற நாடுகளில் விற்பனை மீது தனிக் கட்டணம் இல்லை. இந்தியாவில் அந்த வசதி கிடையாது. ரேஸர்பே, கேஷ்ஃப்ரீ, பேயு என்று வேறு கேட்வே வைத்துத்தான் ஆக வேண்டும். அதனால் அடிப்படைத் திட்டத்தில் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஷாப்பிஃபைக்கு 2 சதவீதம் போகும். இது கேட்வே எடுக்கிற 2 சதவீதத்துக்கு மேல். 799 ரூபாய் பெட்ஷீட்டில் இன்னொரு 16 ரூபாய். மேலே கண்ட கணக்கில் 27 ரூபாய் 11 ஆகிவிடும். மாத வாடகையைப் பார்த்துவிட்டு இதைப் பார்க்காமல் விடுகிறார்கள்.

அப்புறம் ஆப்கள். விமர்சனம் காட்ட ஒன்று, கேஷ் ஆன் டெலிவரி படிவத்துக்கு ஒன்று, ஜிஎஸ்டி பில் அடிக்க ஒன்று. ஒவ்வொன்றும் மாதம் ஐந்து டாலர், பத்து டாலர் என்று சின்னதாகத் தெரியும். மூன்று சேர்ந்தால் கடை வாடகையைத் தாண்டும். டாலரில் கட்டுவதால் கார்டுக்காரர்கள் மாற்றுக் கட்டணமும் போடுவார்கள். இலவசத் திட்டத்திலேயே முடிகிற ஆப்பைத் தேடுங்கள், மாதக் கடைசியில் பயன்படாததை நீக்குங்கள்.

வூகாமர்ஸ் இலவசம். டொமைனும் (கடையின் இணையப் பெயர்) ஹோஸ்டிங்கும் (சைட்டை வைக்கிற இடம்) மட்டும் வாங்க வேண்டும். பூட்டுப் படம் காட்டுகிற எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். லெட்ஸ் என்கிரிப்ட் அதை இலவசமாகத் தருகிறது, நல்ல ஹோஸ்டிங் எல்லாவற்றிலும் அது உள்ளேயே இருக்கும். ஹோஸ்டிங் வாங்கும்போது முதல் வருட விலையை விட்டுவிட்டு, புதுப்பிக்கிற விலையைப் பாருங்கள். இரண்டு மூன்று மடங்கு கூடும். ஆனால் நிஜச் செலவு வேறு இடத்தில் இருக்கிறது. ப்ளக்இன் என்கிற துணை மென்பொருட்களை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும், பேக்அப் எடுக்க வேண்டும், தீபாவளி நேரத்தில் சைட் படுத்துவிட்டால் ராத்திரியில் எழுப்ப ஒரு ஆள் வேண்டும். வீட்டில் இந்த வேலை தெரிந்த பையனோ பெண்ணோ இருந்தால் தாராளமாக இதில் போங்கள், வருடத்துக்குப் பல ஆயிரம் மிச்சம். இல்லையென்றால் வாடகைக் கடையே மேல்.

எந்த வழியாக இருந்தாலும் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மெயிலில், உங்கள் கார்டில் வாங்கப்பட்டிருக்க வேண்டும். "எல்லாம் நாங்களே பார்த்துக்கறோம்" என்று வெப்சைட் போட்டுத் தருகிறவர் தன் கணக்கில் வாங்கிவிட்டால், அவரோடு மனக்கசப்பு வருகிற அன்றைக்குக் கடைப் பலகை அவர் கையில் இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு தங்கைக்கு அப்படி ஆகி, பெயரையே மாற்றி முதலில் இருந்து தொடங்க வேண்டியதாயிற்று. கடைப் பெயரில் மெயில் வேண்டுமென்றால் நம் ஊர் ஜோஹோவில் சின்னக் கடைகளுக்கு இலவசத் திட்டம் இருக்கிறது.

அமேசான், ஃப்ளிப்கார்ட், மீஷோ பற்றியும் கேட்பார்கள். கூட்டம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது, அது பெரிய லாபம். மீஷோ விற்பனையாளரிடம் கமிஷன் எடுப்பதில்லை. ஆனால் விலைப் போட்டி கடுமை, கைத்தறியை அங்கே பவர்லூம் (விசைத்தறி) விலையோடு ஒப்பிடுவார்கள். மற்ற தளங்களில் பொருளையும் விலையையும் பொறுத்துக் கமிஷன், எடைக் கட்டணம், ஆர்டருக்கு இவ்வளவு என்று தனித்தனியாகப் பிடிப்பார்கள். வாங்கியவரின் போன் நம்பர் நமக்குக் கிடைக்காது, அதனால் அடுத்த பொங்கலுக்கு அவரைக் கூப்பிட முடியாது. என் யோசனை: சில ரகங்களை மட்டும் அங்கே வையுங்கள், சொந்த வாடிக்கையாளரை வாட்ஸ்ஆப்பில் வளர்த்துக்கொண்டே இருங்கள்.

பணம் கைக்கு வருகிற வழி

யுபிஐயில் நேராக வாங்கினால் செலவு இல்லை. 2020 ஜனவரியில் இருந்து யுபிஐக்கு வணிகரிடம் கட்டணம் வசூலிப்பது கிடையாது. ஆனால் அதே யுபிஐ கேட்வே வழியாக வந்தால் கேட்வே தன் சேவைக் கட்டணத்தை எடுக்கலாம். வாட்ஸ்ஆப்பில் விற்கும்போது வாடிக்கையாளர் அனுப்புகிற ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பார்சல் கட்டாதீர்கள். உங்கள் பேங்க் ஆப்பைத் திறந்து, பணம் ஏறியிருப்பதைப் பார்த்த பிறகு கட்டுங்கள். போலி ஸ்கிரீன்ஷாட் அடிக்க இப்போது ஆப்பே இருக்கிறது.

கேட்வே கணக்குத் திறக்க பான், பேங்க் விவரம் மட்டும் போதாது. வெப்சைட்டில் ரிட்டர்ன் விதி, தனியுரிமைக் கொள்கை, நிபந்தனைகள், முகவரி போன் நம்பரோடு தொடர்புப் பக்கம் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அனுமதிப்பார்கள். அவை இல்லாததால்தான் பாதிப் பேருக்கு இழுத்தடிக்கிறது. பணம் வந்ததும் உடனே நம் கணக்கில் ஏறாது. பொதுவாக இரண்டு வேலை நாள் ஆகும்.

கேஷ் ஆன் டெலிவரி பற்றி எனக்கு அழுத்தமான அபிப்பிராயம் உண்டு. ஆர்டர் எண்ணிக்கை கூடும், உண்மைதான். ஆனால் "வேண்டாம், வீட்ல ஆள் இல்லை" என்று திரும்புகிற பார்சலுக்குப் போகிற கூலியும் நம்முடையது, வருகிற கூலியும் நம்முடையது. போக 130, வர 110, மறுபடி மடித்துக் கட்ட 15. ஆக 255 ரூபாய். மேலே உள்ள கணக்கில் விளம்பரம் போக ஒரு ஆர்டரில் நின்றது 57. அதாவது ஒரு பார்சல் திரும்பினால் நாலரை ஆர்டரின் மிச்சம் போய்விடும். அதிலும் பணம் வாங்கின பார்சலுக்கான காசு கூரியரிடம் இருந்து நமக்கு வர ஒரு வாரத்துக்கு மேலாகும். புதுக்கடைக்கு நான் சொல்வது, கூரியர் காசாக 100 ரூபாய் மட்டும் முன்பணம் வாங்கிக்கொண்டு மீதியை டெலிவரியில் வாங்குங்கள். வாங்கும் எண்ணம் இல்லாதவர் அந்த நூறையே கட்டமாட்டார். கட்டினவருக்கு, அனுப்பும் முன் ஒரு போன் போட்டு முகவரியைப் படித்துக் காட்டுங்கள்.

ஜிஎஸ்டி, பதிவு, சட்டம்

தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால் வருட விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்லை. வெளி மாநிலத்துக்கு விற்பதாக இருந்தால், விற்பனை எவ்வளவு சின்னதாக இருந்தாலும், பொதுவாகப் பதிவு வேண்டும். கைவினைப் பொருட்களுக்குச் சில விலக்குகள் உண்டு. உங்கள் பொருள் அந்தப் பட்டியலில் வருகிறதா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். முன்பெல்லாம் அமேசான் மாதிரித் தளத்தில் விற்க எல்லோருக்கும் பதிவு கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல், சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்கிற சின்ன வியாபாரிகள் ஒரு சேர்க்கை எண் மட்டும் வாங்கிக்கொண்டு பதிவில்லாமலே விற்கலாம். சின்ன வியாபாரிகள் குறைந்த விகிதத்தில் வரி கட்டுகிற காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் வெளி மாநிலம் அனுப்ப முடியாது, அதையும் மனதில் வையுங்கள்.

பதிவுக்கு அரசாங்கம் ஒரு பைசா வாங்குவதில்லை. வீட்டு முகவரியிலேயே எடுக்கலாம். ஈபி பில் அப்பா பெயரிலோ மாமனார் பெயரிலோ இருந்தால் அவரிடம் ஒரு சம்மதக் கடிதம் வாங்கி இணைக்க வேண்டும். செலவு அதற்கு அப்புறம்தான் வருகிறது. ஆடிட்டருக்கு மாதம் 500-இல் இருந்து 1,500 வரை. விற்பனையே இல்லாத மாதமாக இருந்தாலும் தாக்கல் செய்தே ஆக வேண்டும்; தவறினால் நாளுக்கு 20 ரூபாய், விற்பனை இருந்தால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். நல்ல பக்கமும் உண்டு. பதிவு இருந்தால் துணிக்கும் கூரியருக்கும் விளம்பரத்துக்கும் கட்டின ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளலாம். அதனால் எங்கே பில் வாங்கினாலும் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போடச் சொல்லுங்கள்.

2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு ஒரு பீஸ் 2,500 ரூபாய்க்கு உட்பட்ட பெட்ஷீட்டுக்கு 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. 2,600 ரூபாய்க்கு விலை வைக்கப்போகிறவர்கள் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறு, குறு தொழில்களுக்கான உத்யம் பதிவும் முற்றிலும் இலவசம். ஆதாரும் பானும் இருந்தால் அரசாங்கத் தளத்தில் நாமே முடித்துவிடலாம். அரசாங்கத் தளம் மாதிரியே தோற்றம் வைத்து ஆயிரம், இரண்டாயிரம் கேட்கிற தனியார் பக்கங்கள் தேடினால் முதலில் வந்து நிற்கும். இணைய முகவரியின் கடைசியில் அரசாங்கத் தளத்துக்கான '.gov.in' இருக்கிறதா என்று பாருங்கள். கடைப் பெயருக்கு ட்ரேட்மார்க் எடுக்க, தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். இதை முதல் மாதமே செய்ய வேண்டியதில்லை, ஆனால் பெயர் வைக்கும் முன்பே யாராவது எடுத்திருக்கிறார்களா என்று அரசாங்கத்தின் ட்ரேட்மார்க் தளத்தில் தேடிவிடுங்கள்.

2020-இல் வந்த நுகர்வோர் மின்வணிக விதிகளின்படி சொந்த வெப்சைட்டில் கடைக்காரர் பெயர், முகவரி, ரிட்டர்ன் விதி, புகார் கேட்கிறவர் யார் என்பதெல்லாம் இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்ததைச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

இன்னொன்று, எங்கள் ஊர்க்காரியாகச் சொல்கிறேன். பவர்லூமில் நெய்ததைக் 'கைத்தறி' என்று எழுதி விற்காதீர்கள். ஜமக்காளமும் சில பெட்ஷீட் ரகங்களும் 1985-ஆம் வருடச் சட்டத்தில் கைத்தறிக்கே ஒதுக்கப்பட்டவை. தறியில் உட்கார்ந்து காலால் மிதித்து நெய்கிறவருக்குக் கிடைக்கிற கூலி அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இருக்கிறது. பவர்லூம் என்றால் பவர்லூம் என்றே போடுங்கள், அதற்கும் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

போட்டோவும் விளம்பரமும்

துணிக்கடையில் ரிட்டர்ன் வருவதற்குப் பெரிய காரணம் நிறம். டியூப்லைட்டில் எடுத்த மெரூன், கையில் போகும்போது செங்கல் நிறமாக இருக்கும். வடக்குப் பார்த்த ஜன்னலோ திண்ணையோ இருந்தால் காலை எட்டு ஒன்பது மணி வெளிச்சத்தில் எடுங்கள். போனில் ஃபில்டர் வேண்டாம். கட்டிலில் விரித்தபடி ஒன்று, கரை தெரிகிற மாதிரி ஒன்று, நெசவு தெரிகிற மாதிரி மிக அருகில் ஒன்று, மூலையைக் கையில் பிடித்தபடி ஒன்று. கை இருந்தால் துணியின் கனம் பார்ப்பவருக்குப் புரியும். விவரத்தில் நீள அகலத்தை அங்குலத்தில் எழுதுங்கள், எந்தக் கட்டில் அளவுக்குப் பொருந்தும் என்று எழுதுங்கள், முதல் சலவையில் எவ்வளவு சுருங்கும், சாயம் போகுமா என்பதை ஒளிக்காமல் எழுதுங்கள். இதை எழுதின ரகங்களில் ரிட்டர்ன் குறைவதை நீங்களே பார்ப்பீர்கள். ஸ்டுடியோ, மாடல் இதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

விளம்பரத்தில் லைக்கை எண்ணாதீர்கள். செலவழித்த தொகையை வந்த ஆர்டரால் வகுங்கள், அந்த ஒரு எண் போதும். 100 ரூபாய் விளம்பரத்துக்கு 118 கட்டுகிறோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு ரகத்துக்கு, நாளுக்கு 200 ரூபாய் வைத்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். ஆர்டருக்கு ஆகிற விளம்பரச் செலவு உங்கள் கணக்கில் ஒதுக்கினதை விடக் கூடினால் நிறுத்திவிட்டுப் படத்தையோ ரகத்தையோ மாற்றுங்கள். ஏற்கெனவே வாங்கினவர் மறுபடி வாங்கினால் அந்த 120 ரூபாய் அப்படியே மிச்சம். பார்சலில் வைக்கிற அட்டையில் "இந்த நம்பரை சேவ் செய்துகொள்ளுங்கள், புது ரகம் வந்தால் அனுப்புகிறோம்" என்று எழுதுங்கள். வாட்ஸ்ஆப் பிராட்காஸ்ட் நம் நம்பரை சேவ் செய்தவருக்கு மட்டும்தான் போகும்.

தொடங்கும்போது கையில் எவ்வளவு

வாட்ஸ்ஆப் கடையாகத் தொடங்கினால் தராசுக்கு 1,000, நூறு கவருக்கும் டேப்புக்கும் 1,000, ஒட்டுகிற தாளுக்கு 300. லேபிள் பிரிண்டர் இப்போது வேண்டாம். நாளுக்குப் பத்து பார்சல் போகிற வரை சாதாரணத் தாளில் அடித்து ஒட்டலாம். டொமைன் பெயரை மட்டும் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு ஆயிரத்துக்குள். விளம்பரத்துக்கு 5,000. ஷிப்பிங் தளங்கள் முன்கூட்டியே ரீசார்ஜ் கேட்கும், அதற்கு 3,000. இவை எல்லாம் சேர்ந்தாலும் 12,000-க்குள் முடிந்துவிடும்.

பெரிய தொகை ஸ்டாக்கில்தான் போகும். தறிக்காரர் ஒரு டிசைனுக்குப் பாவு (தறியில் நீளவாக்கில் ஓட்டுகிற நூல்) ஓட்டினால் இரண்டு மூன்று பீஸோடு நிறுத்த முடியாது, அந்தப் பாவு முழுக்க நெய்துதான் கொடுப்பார். ஐந்து டிசைன் எடுத்தால் கை நிறையத் துணி வந்துவிடும், காசும் அதில் மாட்டிக்கொள்ளும். அதனால் முதலில் ஈரோட்டுச் செவ்வாய்க்கிழமை ஜவுளிச் சந்தையிலோ சொசைட்டி ஷோரூமிலோ ஒவ்வொரு ரகத்திலும் நாலைந்து பீஸ் மட்டும் எடுத்து, எது போகிறது என்று பாருங்கள். போகிற ரகம் தெரிந்த பிறகு தறிக்குச் சொல்லுங்கள். ஆடியில் சொன்னால்தான் தீபாவளிக்குத் துணி கைக்கு வரும். புரட்டாசியில் போய் நின்றால் தறி எல்லாம் வேறு ஆர்டரில் ஓடிக்கொண்டிருக்கும்.

சிங்கப்பூர், கனடா என்று வெளிநாட்டில் இருந்தும் கேட்பார்கள், முக்கியமாக ஜமக்காளத்துக்கு. ஏற்றுமதிக்கான ஐஇசி எண்ணை 500 ரூபாய் கட்டணத்தில் ஆன்லைனில் எடுக்கலாம். அஞ்சல் துறை சின்ன ஏற்றுமதியாளர்களுக்காகவே 'டாக் கர் நிர்யாத் கேந்திரா' என்று தனி மையங்கள் வைத்திருக்கிறது. உங்கள் மாவட்டத் தலைமை அஞ்சலகத்தில் கேளுங்கள். போய்ச் சேருகிற நாட்டில் சுங்க வரி போட்டால் அதை வாங்குகிறவர்தான் கட்ட வேண்டும் என்று ஆர்டர் எடுக்கும்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். ஜமக்காளத்தின் விலையை விட அனுப்புகிற கூலி கூடுதலாக வருவதும் உண்டு. அதையும் மறைக்காமல் தனியாகச் சொல்லிக் கேளுங்கள். வேண்டும் என்கிறவர்கள் கட்டுகிறார்கள்.